முதல் தடவையே பச்சை விளக்கு

செவ்வாய், காலை பத்தேகால் மணி.

பாஷை தெரியாவிட்டால் என்ன, பூஜ்யம் எல்லா ஊரிலும் பூஜ்யம்தான். தங்கல் அட்டை அலுவலகத்தின் நான்காம் கவுண்டரில் இருந்த பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒற்றைப் பூஜ்யம் இருந்தது.

ஃபோர்மேன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பஸ் டிப்போவில் காலம் முழுக்க ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அதுவே பெயராக நின்றுவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இருவருக்கும் பின்னால், மொழிபெயர்க்க வந்த டீச்சரின் அண்ணன் மகன்.

"என்னடா சொல்றா?"

"மாமா... போன திங்கட்கிழமை டெபாசிட்டை உடைச்சு மொத்தத்தையும் எடுத்தாச்சுன்னு பேங்க்லேர்ந்து தகவல் வந்திருக்காம்."

"எடுத்தாச்சா? எவன் எடுத்தான்?"

கவுண்டர் பெண் ஒரு வரியை விரலால் தொட்டாள். அண்ணன் மகன் அதைப் படித்தான்.

"அத்தை பேரு போட்டிருக்கு மாமா."

அந்த நாட்டுச் சட்டம் ரொம்ப எளிது. ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருகிறாயா, வா. ஆனால் இவ்வளவு பணத்தை இங்கே ஒரு பேங்கில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடு. பணம் இருக்கும்வரை நீ விருந்தாளி. அட்டை தருவோம், அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியமும் பார்ப்போம். பணம் இல்லையா, பெட்டியைக் கட்டு. டீச்சரின் வயிற்றில் ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடித்த கட்டிக்கு மாத்திரை தருவது அந்த ஆஸ்பத்திரிதான். ஊரில் வீட்டை விற்று, அவள் சேமநல நிதியையும் சேர்த்துப் போட்ட பணம் அது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அட்டை ரத்து என்று கவுண்டர் பெண் சொன்னாள். அட்டை போனால் மாத்திரையும் போச்சு.

இந்த இடத்தில் பேங்க் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

வந்த புதிதில் மூன்று பேங்க் படி ஏறினார்கள். முதல் பேங்கில் டோக்கன் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மறந்தே போனார்கள். இரண்டாவது, ஊரிலேயே பெரிய பேங்க். அண்ணன் மகன் தலைகீழாக நின்று சொன்னான்: "மாமா, இங்க வட்டி கம்மிதான். ஆனா ஒருத்தர் போட்ட கையெழுத்தை மூணு பேர் பார்ப்பாங்க. டெபாசிட்டை உடைக்கணும்னா உங்க ரெண்டு பேருக்கும் போன் பண்ணிக் கேட்பாங்க." மூன்றாவது பேங்கின் மேனேஜர் வாசல்வரை எழுந்து வந்து, கை கூப்பி, "வாங்கம்மா, வாங்கய்யா, நம்ம ஆளுங்களா?" என்றார். தீர்ந்தது கதை. வட்டியும் அரை சதவீதம் கூட. "நம்ம ஆளு இருக்கும்போது அசலூர்க்காரன் நமக்கெதுக்கு?" என்று ஃபோர்மேன் அங்கேயே பேனாவைத் திறந்துவிட்டார். நம்ம ஆளாம்! கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் விழுகிறவனுக்குக் கூட விழும்போது கொஞ்சம் பயம் இருக்கும்.

அதே செவ்வாய், பகல். அதே பேங்க்.

மேனேஜர் பதறிப்போனார். தானே தண்ணீர் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தார்.

"அம்மா, நீங்கதானே வந்தீங்க? ரெண்டு பேர்ல யார் வேணா உடைக்கலாம்னுதானே போட்டிருக்கோம்."

"நான் வரவே இல்லையே தம்பி."

மேனேஜர் ஃபோர்மேனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஐயா, நான் பக்கத்துலயே நின்னேன். அம்மா கட்டைவிரலை வெச்சாங்க. முதல் தடவையே பச்சை விளக்கு. அவங்க பேர்லயே வேற பேங்க்ல இருக்கிற கணக்குக்கு மாத்தச் சொன்னாங்க. வீட்டு விஷயம், நான் எதுக்குத் துருவித் துருவிக் கேட்கணும்னு விட்டுட்டேன்."

கேமராப் படத்தையும் போட்டுக் காட்டினார். தலையில் துணி, முகத்தில் மாஸ்க், வயதான ஒரு பெண். கனத்த துணிப்பையின் மெல்லிய வாரை இரண்டே விரலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, ஹாலைக் கடந்து மேனேஜர் அறைப் பக்கம் போகிறாள்.

ஃபோர்மேன் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நடை இவ நடை மாதிரிதான் இருக்கு."

டீச்சர் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"போன மாசம் உன் அண்ணன் பையன் கடை வைக்கக் காசு கேட்டான். குடுக்கலாம்னு நீ சொன்னே. நான் முடியாதுன்னேன். எனக்குத் தெரியாம குடுத்துட்டே, அப்படித்தானே?"

"நான் குடுக்கல."

"அப்ப உன் விரல் தானா நடந்து பேங்க்குக்குப் போச்சா?"

"நான் போகலன்னு சொல்றேன். அதை நம்ப மாட்டீங்களா?"

"மெஷின் பொய் சொல்லுமாடி?"

"அப்ப நான் சொல்வேனா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. எங்கு போனாலும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்த ஜோடி. மறுநாள் கடைக்கு டீச்சர் தனியாகப் போனாள்.

புதன், காலை.

பணமோசடிப் பிரிவின் பெண் இன்ஸ்பெக்டருக்குத் துறையில் வைத்திருக்கும் பெயர் ஊசிமிளகாய். அவருடைய அப்பா அம்மாவும் ஒரு காலத்தில் இப்படி வந்து குடியேறியவர்கள்தான். பாஷை தெரியும் என்பதால் கேஸ் அவர் மேசைக்கு வந்தது. முதியவர்களின் பணத்தில் கை வைப்பவர்களைப் பற்றி அவர் பேசும் வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

முதலில் பேங்க். மேனேஜர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவில் தேய்த்து அவரை உள்ளே அழைத்துப் போனார்.

"உங்களுக்கெல்லாம் விரல் வைக்கிற வேலை கிடையாதா?"

"அது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் மேடம். ஊழியர் யாரும் விரல் பதியிறதில்ல. எங்களுக்கு அட்டைதான்."

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"மதியம், சாப்பாட்டு நேரம். கவுண்டர் பொண்ணு சாப்பிடப் போயிருந்தா. வயசானவங்களைக் காக்க வைக்க வேண்டாமேன்னு நானே முடிச்சுக் குடுத்தேன்."

"மாஸ்க் போட்டிருந்தாங்களே, கழட்டச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"உடம்பு சரியில்லாதவங்க மேடம். எப்படிக் கழட்டச் சொல்றது? விரல்தான் இருக்கே. முதல் தடவையே பச்சை."

அடுத்தது செல்போன் ரிப்பேர் கடை. அண்ணன் மகன் அங்கே வேலை பார்க்கிறான்.

"அத்தைகிட்ட பணம் கேட்டியா?"

"கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

"இல்ல. மாமா வேண்டாம்னார். விட்டுட்டேன்."

"அத்தையோட பேப்பர் நகல் எல்லாம் உன்கிட்ட இருக்கு. அதை வெச்சு அவங்க பேர்ல யாரும் கணக்குத் திறக்கலாம்."

"என்கிட்டயும் இருக்கு. தங்கல் ஆபீஸ்லயும் இருக்கு, பேங்க்லயும் இருக்கு. ஏன் மேடம், என்னை மட்டும் கேட்கறீங்க?"

"திங்கட்கிழமை மதியம் எங்க இருந்தே?"

"இங்கதான்."

"சாட்சி?"

"முதலாளி சாப்பிடப் போயிருந்தார்." கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் எறிந்தான். "நான் எடுத்தேன்னே வெச்சுக்குங்க மேடம். அதுக்காக எங்க அத்தை திருடியா? மாமா அவங்களைத் திருடின்னு சொல்றார். அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரல!"

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

புதன், பகல். ஃபோர்மேன் குடியிருக்கும் கட்டடம்.

வெளிவாசல் படியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பால் பாக்கெட்டும் ரொட்டியும் இருந்த பையை முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. அவள் மேல் நிழல் விழும்படி இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டார்.

"உள்ள போகலையாம்மா?"

"கதவு திறக்கணுமே."

வாசல் கதவில் விரல் வைக்கும் பூட்டு. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார்.

"விரல் வெச்சா திறக்கும் இல்ல?"

"ஊருக்கே திறக்கும். இந்தக் கதவுக்கு என்னை மட்டும் கண்டா ஆகாது. வந்த புதுசுல நல்லாத்தான் திறந்துச்சு. இப்ப ரெண்டு மூணு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு." டீச்சர் சிரித்தாள். சிரிப்பு கண்வரை போகவில்லை. "அவரோட வந்தா அவர் விரல்ல திறந்துடும். இப்ப தனியா வர்றேன் இல்லையா, யாராவது வர்றவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

"மேல மணி அடிச்சீங்களா?"

"அடிச்சேன். அவர் காதுல விழல போல."

மூன்றாம் மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்குள் ஃபோர்மேன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். இவங்ககிட்டயே கேளுங்க. எனக்கு எதுவும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு எதுவும் தெரியல!"

இன்ஸ்பெக்டர் டீச்சரிடம் திரும்பினார். "திங்கட்கிழமையை விடுங்க. அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப பேங்க்குக்குப் போனீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஏதோ விவரமெல்லாம் புதுப்பிக்கணும்னு கூப்பிட்டாங்க. அன்னிக்கு அங்கயும் மெஷின் மக்கர். கவுண்டர்ல வெச்சேன், சிவப்பு விளக்கு. மறுபடி வெச்சேன், மறுபடி சிவப்பு. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அவமானமா போச்சு. அந்த மேனேஜர் தம்பிதான் பார்த்துட்டுத் தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். தண்ணி குடுத்தார், டிஷ்யூ பேப்பரால விரலைத் துடைச்சு விட்டார். அப்புறம் போட்டோ எடுக்கணும், அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்கம்மான்னார். திரும்பறதுக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சு, நீங்க கிளம்பலாம்னார். தங்கமான பிள்ளை."

"ஐயா அப்ப எங்க இருந்தார்?"

"வெளிய சோபாவுல பேப்பர் படிச்சிட்டிருந்தேன்," என்றார் ஃபோர்மேன்.

"கையைக் காட்டுங்கம்மா."

டீச்சர் தயங்கித் தயங்கி நீட்டினாள். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து, களிம்பில் பளபளத்தது. "மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படித்தான். டாக்டர் சொன்னார், இது எல்லாருக்கும் வர்றதுதானாம். எதையும் கையில பிடிக்க முடியல, எரியுது. அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையைப் பார்த்து என்ன, ஜோசியம் சொல்லப் போறீங்களா?" என்றார் ஃபோர்மேன் எரிச்சலோடு.

"ஆமாய்யா. ஆனா இவங்களுக்கு இல்ல. நாளைக்கு எல்லாரும் பேங்க்குக்கு வாங்க, சொல்றேன்."

படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் போட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்.

வியாழன், காலை. பேங்க் மேனேஜர் அறை.

மேசை மேல் விரல் மெஷின். ஒரு பக்கம் ஃபோர்மேன், டீச்சர், அண்ணன் மகன். எதிரே மேனேஜர். சுவரோரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள்.

"அம்மா கணக்கைத் திறங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பேங்க் கவுண்டர் பெண் எண்ணைத் தட்டினாள். "அம்மா, விரலை வைங்க."

சிவப்பு.

"மறுபடி."

சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பு.

"தோல் வறண்டிருக்கும் மேடம்," என்றார் மேனேஜர். "கொஞ்சம் தண்ணி தொட்டு..."

"தண்ணியில முக்கி எடுத்தாலும் வராது. அவங்க விரல்ல ரேகையே இல்ல." இன்ஸ்பெக்டரின் குரல் ஏறியது. "அவங்க சாப்பிடற மாத்திரை கையில தோலை உரிச்சு ரேகையை அழிச்சிடும். சிலருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மூணு மாசமா அவங்க வீட்டு வாசக் கதவே அவங்களுக்குத் திறக்கல. படியில உட்கார்ந்திருக்காங்க, பிச்சைக்காரி மாதிரி. கதவுக்குத் தெரியாத விரல் உங்க மெஷினுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? அதுவும் முதல் தடவையே?"

டீச்சர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"விரல்தான் இருக்கேன்னு என்கிட்ட சொன்னீங்க. இல்லாத விரலைச் சொன்னீங்க. மெஷின் பொய் சொல்லலைய்யா." இன்ஸ்பெக்டர் ஃபோர்மேனைப் பார்த்தார். "அதுக்குள்ள பதிஞ்சிருக்கிற விரலுக்கு அது பச்சை காட்டுச்சு. அது யார் விரல்ங்கிறதுதான் கேள்வி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதே ரூம்ல, இவங்களைச் சுவரைப் பார்த்து நிக்க வெச்சப்ப, யாரோ தன் விரலை அமுக்கி இவங்க விரல்னு பதிஞ்சிருக்காங்க. அப்ப இங்க இருந்தது ரெண்டே பேர்."

"மேடம், அது... அன்னிக்கு அம்மா கஷ்டப்பட்டாங்க. ஒரு உதவியாத்தான்..." மேனேஜர் உளறினார். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உதவி! ஊழியர் விரல் எங்கயும் பதிவுல கிடையாது. அதனால மெஷினும் இது யாரோடதுன்னு கேட்காது. பெட்டிக்கு உங்க விரல்ல பூட்டு போட்டுட்டு ரெண்டு மாசம் காத்திருந்தீங்க. பேப்பர் நகல் எல்லாம் கையில இருக்கு, அதை வெச்சு அவங்க பேர்ல இன்னொரு கணக்கு. கவுண்டர் பொண்ணு சாப்பிடப் போற நேரத்துல மாஸ்க் போட்ட ஒரு கிழவி வந்தாங்க. ஓய்வூதியம் விசாரிக்க வந்த யாரோ ஒருத்தங்க. நேத்து சாயங்காலம் அவங்க வீட்லயே போய்ப் பார்த்துட்டு வந்தேன். அவங்களைக் காட்டிக் கதையை முடிச்சுட்டீங்க." ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "படத்தை நல்லாப் பார்த்தீங்களாய்யா? அவ்வளவு கனமான பையை அந்தம்மா ரெண்டு விரல்ல தூக்கிட்டுப் போறாங்க. உங்க வீட்டம்மா பால் பையையே முழங்கையிலதான் மாட்டுறாங்க. எந்த விரல்ல வார் பட்டாலும் எரியும். ஒரே வீட்ல இருக்கீங்க. இது கூடத் தெரியாம நடை அவ நடை மாதிரி இருக்காம்!"

ஃபோர்மேன் டீச்சரின் கையைப் பார்த்தார்.

"விரலை வைங்க," என்றார் இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம்.

"எனக்கு வக்கீல்..."

"வக்கீலும் வருவார், கோர்ட் உத்தரவு இதோ இருக்கு. வைங்க. அந்தக் கை இல்ல, வலது கை."

மேனேஜர் கட்டைவிரலை வைத்தார். மெஷின் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் டீச்சரின் முகம் வந்து நின்றது. அதற்குக் கீழே: வாடிக்கையாளர் அடையாளம் சரி.

டீச்சர் எழுந்து மேனேஜர் எதிரே போய் நின்றாள். வகுப்பில் கடைசி வரிசைவரை கேட்கும் குரல், இவ்வளவு நாளாக எங்கே இருந்ததோ, திரும்பி வந்தது.

"தம்பி தம்பின்னு கூப்பிட்டேனேடா. நீ துடைச்சு விட்ட விரல்டா இது. எரியும்னு மெதுவா வேற துடைச்சே!"

போலீஸ்காரர்கள் மேனேஜரை இருபுறமும் பிடித்து அழைத்துப் போனார்கள். மாற்றிய பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கணக்கிலேயே இருந்தது. முந்தின நாளே இன்ஸ்பெக்டர் அதை முடக்கிவிட்டார். குறைவதை பேங்க் ஈடுகட்டும் என்று தலைமை அலுவலக அதிகாரி குழைந்தார். "எழுதிக் குடுங்க, இப்பவே," என்றார் இன்ஸ்பெக்டர். எழுதி வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்து, தங்கல் அலுவலகம் அன்று மாலையே அட்டையை நீட்டித்தது. மாத்திரை தப்பியது.

திரும்பும் வழியில் ஃபோர்மேன் கனைத்துக்கொண்டார்.

"டேய், நீ சொன்னியே அந்தப் பெரிய பேங்க். அங்கயே போட்டுடலாமா? ஏதோ கோவத்துல உன்னைப் பத்தியும்..."

"பரவால்ல மாமா," என்றான் அண்ணன் மகன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. வாய்தான் அப்படிச் சொன்னது, மனசு ஆறவில்லை.

"நம்மளை ஒருத்தருக்கும் தெரியாத பேங்க்கா பாருடா," என்றாள் டீச்சர். "வாசல்வரைக்கும் வந்து கும்பிடறவன் எவனும் இருக்கக் கூடாது."

கட்டட வாசலில் வண்டி நின்றது. ஃபோர்மேன் அவசரமாக இறங்கி, அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவில் விரல் வைக்கப் போனார்.

"கையை எடுங்க."

அவர் எடுத்தார். டீச்சர் மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கதவில் காட்டினாள். இன்ஸ்பெக்டர் சொல்லி, காலையிலேயே வாட்ச்மேன் கொடுத்திருந்த அட்டை. கதவு திறந்தது.

"நேத்து நான் மணி அடிச்சது உங்க காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"மெஷின் சொன்னா நம்புவீங்க. அவன் சொன்னா நம்புவீங்க. நான் சொன்னா மட்டும் நம்ப மாட்டீங்க." படியைக் காட்டினாள். "நான் உட்கார்ந்த இடம் அதுதான். உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கும் யாரும் அதைச் சொல்லல."

கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது. விரலை வைத்தால் அவருக்கு உடனே திறக்கும், அவர் வைக்கவில்லை. வெயில் சுட்ட படியில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைகிறதா என்று மட்டும் அவ்வப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.